துப்பாக்கிக்கும் சுழி உண்டு

"கொழாய விட்டு வெளிய வந்ததும் தோட்டா மொதல்ல மேல ஏறும்டா, அப்பறந்தான் எறங்கும்" என்று பெரியப்பா அடித்துச் சொல்வார். துப்பாக்கிப் பேச்சில் அவரிடம் மறுபேச்சு கிடையாது. 1948 ஜூனில் சுங்கை சிப்புட்டில் மூன்று தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டு மலாயாவில் அவசரகாலம் பிறந்ததே, அதன்பிறகு தோட்டங்களைக் காக்க ஆள் எடுத்தபோது கெடாவில் பீடோங் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் ஸ்பெஷல் கான்ஸ்டபிளாகச் சேர்ந்து நாலு வருடம் துப்பாக்கி தூக்கியவர் அவர். பள்ளிக்கூடத்தில் எங்கள் வாத்தியாரோ, பிடியை விட்ட எந்தப் பொருளும் அந்தக் கணமே விழத் தொடங்கிவிடும், கல்லானாலும் தோட்டாவானாலும் ஒன்றுதான் என்றார். பத்து வயதில் எனக்கு இது பெரிய சங்கடம். பெரியப்பாவை நம்புவதா, வாத்தியாரை நம்புவதா?

எனக்கு அப்போது தெரிந்த ஒரே ஆயுதம் லஸ்திக். கொய்யாக் கிளையில் வெட்டிய கவட்டை, பழைய சைக்கிள் டியூப், கல்லை வைக்க ஒரு துண்டுத் தோல். லயத்துக் கடைசி வீட்டு மாமரத்தில் மாங்காயை நேராகக் குறிவைத்தால் கல் அதற்குக் கீழேதான் போகும். ஒரு முழம் மேலே குறிவைத்தால் காய் விழும். எவ்வளவு மேலே என்று யாரும் சொல்லித் தரவில்லை, கைக்கே தெரிந்திருந்தது. கல்லுக்குப் பதில் ரப்பர்க் கொட்டையை வைத்து அடித்தால் அது பாதி வழியிலேயே சோர்ந்துவிடும் என்பதும் கைக்குத் தெரியும். எறிந்த பொருள் எப்படிப் போகும் என்று ஆராயும் துறையை எறியியல் என்று சொல்லலாம். கல் ஏன் கீழே போகிறது, கொட்டை ஏன் சோர்கிறது என்ற இந்த இரண்டு கேள்விக்குள் அதன் பெரும்பகுதி அடங்கிவிடும்.

விழுவதை முதலில் எடுத்துக்கொள்வோம். மேசை ஓரத்தில் ஓர் அடிக்கோலை வைத்து, ஒரு முனையைக் கொஞ்சம் வெளியே நீட்டிவிடுங்கள். நீட்டிய முனையின் மேல் ஒரு காசு. மேசை விளிம்பில் அடிக்கோலை ஒட்டி இன்னொரு காசு. இப்போது அடிக்கோலைப் பக்கவாட்டில் வெடுக்கென்று தட்டினால், மேலே இருந்த காசு நின்ற இடத்திலேயே கீழே விழும். மற்றது தள்ளுப்பட்டுத் தூரமாகப் போய் விழும். கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். 'டக்' என்ற சத்தம் ஒன்றுதான் வரும். ஓடும் காசும் விழும் காசும் ஒரே நேரத்தில் தரையைத் தொடுகின்றன. முன்னோக்கி ஓடுவது ஒரு வேலை, கீழ்நோக்கி விழுவது இன்னொரு வேலை, இரண்டும் ஒன்றை ஒன்று தடுப்பதில்லை. கலிலியோ 1638இல் வெளியிட்ட நூலில் இதைத்தான் எழுதினார். அந்த இரண்டும் சேர்ந்து வரையும் வளைவுக்குப் பரவளையம் என்று பெயர்.

பெரியப்பா காலத்துத் துப்பாக்கிக்கு 303 என்று ஒரு தோட்டா. அதன் முனையிலிருந்து பறக்கும் உலோகத் துண்டின் எடை சுமார் 11 கிராம், ஒன்றரைப் பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. நீளக் குழல் ரைபிளிலிருந்து நொடிக்கு ஏறக்குறைய 740 மீட்டர் வேகத்தில் அது வெளிவரும். நூறு மீட்டரைக் கடக்க நொடியில் ஏழில் ஒரு பங்கு போதும். அந்தக் கண்சிமிட்டலுக்குள் அது 10 சென்டிமீட்டர் விழுந்திருக்கும். 200 மீட்டரில் விழுவது 40 சென்டிமீட்டருக்கு மேல். 300 மீட்டரில் ஏறக்குறைய ஒரு மீட்டர். தூரம் இரட்டித்தால் வீழ்ச்சி நாலு மடங்கு, காற்று வேகத்தைத் தின்பதால் அதற்கும் கொஞ்சம் மேலே. வாத்தியார் ஜெயித்தார் என்று இங்கேயே முடித்துவிடலாம் போலத் தோன்றும்.

ஆனால் செடிக்குத் தண்ணீர் விடும் ரப்பர்க் குழாயைக் கையில் எடுத்துப் பாருங்கள். பீய்ச்சும் தண்ணீர் ஒவ்வொரு சொட்டாகப் பறக்கும் தோட்டாதான், பாதையை மட்டும் நம் கண்ணுக்குக் காட்டிக்கொண்டு பறக்கிறது. குழாய்க்கு நாலு விரல் மேலே ஒரு நீளக் கம்பை நேராகப் பிடியுங்கள். குழாயையும் கம்பையும் இணையாக வைத்தால் தண்ணீர் கம்பைத் தொடவே தொடாது, கீழேயே வளைந்து போய்விடும். குழாயின் வாயைக் கொஞ்சம் மேலே தூக்குங்கள். இப்போது தண்ணீர் கீழிருந்து கிளம்பிக் கம்பை ஒருமுறை தாண்டி மேலே போகும், வளைந்து இறங்கி வரும்போது இன்னொரு முறை தாண்டும்.

கம்பு என்பது கண்ணின் கோடு. ரைபிளில் கண் அருகே ஒரு துளையும் முனையில் ஒரு முள்ளும் இருக்கும், இல்லையென்றால் மேலே ஒரு தொலைநோக்கி பொருத்தியிருக்கும். அதன் வழியே நாம் பார்ப்பது பார்வைக்கோடு. குழல் காட்டும் திசை குழற்கோடு. இரண்டையும் இணையாக வைத்துத் துப்பாக்கி செய்தால் எதையும் அடிக்க முடியாது. அதனால் குழலின் மூக்கை மிக இலேசாகத் தூக்கி வைக்கிறார்கள். குழற்கோட்டை வைத்துப் பார்த்தால் தோட்டா முதல் கணத்திலிருந்தே விழுகிறது, அது வாத்தியார் கணக்கு. பார்வைக்கோட்டை வைத்துப் பார்த்தால் அது கீழிருந்து ஏறி வந்துதான் இறங்குகிறது. பெரியப்பா கண்ணை வைத்திருந்தது அங்கே.

எவ்வளவு தூக்கல்? தொலைநோக்கி பொருத்திய ஒரு சாதாரண வேட்டை ரைபிளை 200 மீட்டருக்குச் சரிசெய்தால், தோட்டா ஏறக்குறைய 25 மீட்டரில் பார்வைக்கோட்டை முதன்முறை தாண்டும். நடுவழியில் ஆறேழு சென்டிமீட்டர் மேலே போகும். 200இல் திரும்ப வந்து கோட்டைத் தொடும். இந்த ஏற்பாட்டுக்குக் குழலின் சாய்வு ஒரு பாகையில் எட்டில் ஒரு பங்கு அளவுதான். 60 சென்டிமீட்டர்க் குழல் என்றால் அதன் முனை ஒரு தீக்குச்சித் தடிமன்கூட உயரவில்லை. காட்டுப்பன்றி நிற்பது 60 மீட்டரிலா 180 மீட்டரிலா என்று வேடன் தவறாகக் கணித்தாலும் நேராகக் குறிவைத்துப் பிழைத்துக்கொள்ளலாம். இது தற்செயல் இல்லை, அந்தத் தூக்கலை வைத்ததே அதற்காகத்தான்.

நொடிக்கு 740 மீட்டர் என்று எழுதிவிட்டேன். மின்சாரக் கடிகாரம் இல்லாத காலத்தில் இந்த மாதிரி வேகத்தை யார், எதை வைத்து அளந்தார்கள்? பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர், ஓர் ஊஞ்சலை வைத்து. கனமான மரப்பலகையைத் தொங்கவிட்டு அதற்குள் சுட்டார். தோட்டா பலகையில் புதைந்ததும் பலகை பின்னால் ஆடும். அடியில் கட்டிய ஒரு நாடா எவ்வளவு தூரம் இழுபட்டிருக்கிறது என்று பார்த்து ஆட்டத்தை அளந்தார். ஓடிவந்து ஊஞ்சலில் தாவும் பிள்ளையின் எடையும் ஊஞ்சலின் எடையும் தெரிந்தால், ஊஞ்சல் ஆடியதை வைத்தே பிள்ளை ஓடிவந்த வேகத்தைச் சொல்லிவிடலாம். அதே கணக்குதான். 1742இல் இதைப் புத்தகமாக வெளியிட்டார். மூன்று வருடத்தில் அதை ஜெர்மன் மொழியில் பெயர்த்து விளக்கம் எழுதியவர் ஆய்லர், கணித மேதை.

ராபின்ஸ் செய்த பெரிய காரியம், பலகையைத் தள்ளித் தள்ளி வைத்துச் சுட்டது. பக்கத்தில் இருந்த வேகம் தூரத்தில் இல்லை. தொலைந்த வேகத்தைக் கணக்குப் போட்டபோது, குண்டைப் பின்னால் இழுக்கும் காற்றின் விசை அந்தக் குண்டின் சொந்த எடையைப்போல நூறு மடங்குக்கும் மேல் என்று வந்தது. அதுவரை பீரங்கிக்காரர்கள் பலர் காற்று ஒரு பொருட்டே இல்லை என்று நினைத்திருந்தார்கள். கலிலியோவின் அழகான பரவளையம் வேகமான குண்டுகளுக்குப் பொருந்தாது என்பது அம்பலமானது. எங்கள் ரப்பர்க் கொட்டைக்கும் விடை இதிலேயே இருக்கிறது. கொட்டையும் கல்லும் ஒரே பருமன், காற்றின் இழுப்பும் ஒன்றுதான், ஆனால் கல்லுக்கு அந்த இழுப்பைத் தாங்கி ஓட எடை இருக்கிறது. கொட்டைக்கு இல்லை. தோட்டாவை ஈயத்தில் வார்ப்பதும், குண்டு வடிவத்தை விட்டுக் கூர்முனையாக நீட்டியதும் இதனால்தான்.

ஒரு செய்தியை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. இந்த ராபின்ஸ் பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைச் செப்பனிட நம் கரைக்கு வந்தார். காய்ச்சல் கண்டு, 1751 ஜூலையில் கடலூர் தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டையில் இறந்துபோனார். நவீன எறியியலுக்கு அடி போட்டவரின் கதை தமிழ் மண்ணில் முடிந்திருக்கிறது. எங்கள் பாடப்புத்தகங்களில் நியூட்டன் இருந்தார், ராபின்ஸ் இல்லை.

தோட்டாவை நீளமாக்கினால் இன்னொரு தொல்லை வரும். நீளமான பொருள் காற்றில் குட்டிக்கரணம் போடும். பம்பரம் சுற்றுகிற வரைக்கும்தானே ஒற்றை ஆணியில் நிற்கிறது? தோட்டாவையும் அதேபோல் சுற்றவிட, குழலின் உட்சுவரில் திருகாணிபோல் நீளமான புரிகளை வெட்டுகிறார்கள். பெரியப்பாவின் லீ என்ஃபீல்டு வகைத் துப்பாக்கிகளில் 25 சென்டிமீட்டருக்கு ஒரு சுற்று. மேலே சொன்ன வேகத்தில் கணக்குப் போட்டால் தோட்டா நொடிக்கு ஏறக்குறைய 3,000 முறை சுழல்கிறது. 'ரைபிள்' என்ற பெயரே இந்தப் புரியால் வந்தது.

கெடாவில் இன்று செம்பனைக் கன்றைக் குடையும் காட்டுப்பன்றிக்கு எதிராகப் பெரும்பாலும் பார்க்கக் கிடைப்பது ரைபிள் இல்லை, மலாய்க்காரர் 'செனாப்பாங் பாத்தா' என்னும் மடக்குத் துப்பாக்கி. உள்ளே புரி கிடையாது, வழுவழு குழல். அதன் தோட்டாவுக்கு 'பெனாபுர்' என்று பெயர், தூவுவது என்று பொருள். வயலில் நெல் தூவுவதுபோல ஈயக் குண்டுகளைத் தூவும், முப்பது நாற்பது மீட்டர் தாண்டினால் விளைச்சல் இருக்காது. 'பன்னிரண்டு போர்' என்கிறார்களே, அந்தப் பன்னிரண்டு எங்கிருந்து வந்தது தெரியுமா? ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டையாக்கினால் ஓர் உருண்டை அந்தக் குழலுக்குள் சரியாக நுழையும். எண் கூடினால் குழல் சிறுக்கும் என்ற தலைகீழ்க் கணக்கு அதனால்தான்.

இனி சுழிக்கு வருகிறேன். தோட்டா படும் இடமும் கண் பார்க்கும் இடமும் ஒன்றாகும்படி ரைபிளைச் சரிசெய்வதற்குச் சுழி வைத்தல் என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். பூஜ்யம் என்ற பொருளில்தான் சொல்கிறேன், ஆனால் மாடு வாங்கும்போது சுழி பார்ப்பவர்களுக்கு இந்தச் சொல் இன்னும் நன்றாகவே விளங்கும். சுழி சரியில்லாத ரைபிள் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதானாலும் வீட்டுக்கு ஆகாது.

உரிமம் உள்ள நண்பர் ஒருவருடன் ஒருநாள் சுடுதளத்துக்குப் போயிருந்தேன். மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் ஒரு தோட்டாவைச் சட்டைப்பையில் வைத்திருப்பதும் குற்றம், அதனால் என் வேலை வேடிக்கை பார்ப்பதோடு சரி. மணல் மூட்டைமேல் ரைபிளைக் கிடத்தி, மூச்சைப் பாதி விட்டு, நூறு மீட்டர் காகிதத்தில் மூன்று முறை சுட்டார். ஒவ்வொன்றுக்கும் நடுவே குழல் ஆற நேரம் கொடுத்தார், பன்றி எப்போதும் ஆறிய குழலுக்கு முன்னால்தான் வரும் என்றார். மூன்று துளையும் ஒரு வெற்றிலை அகலத்துக்குள் விழுந்தன. ஆனால் நடுப்புள்ளிக்கு 6 சென்டிமீட்டர் கீழே, மூன்றரை சென்டிமீட்டர் வலப்பக்கம். நான் உச்சுக்கொட்டினேன். அவர் சிரித்தார். "கொத்து நல்லா விழுந்துருச்சு, இனி வேல சுளுவு" என்றார்.

ஜாதகம் கணிப்பவர்கள் பாகை, கலை, விகலை என்பார்கள். ஒரு பாகையில் 60 கலை. தூரம் 100 மீட்டர் என்றால் ஒரு கலை அங்கே ஏறக்குறைய 3 சென்டிமீட்டராக விரியும். நண்பரின் தொலைநோக்கித் திருகை ஒரு சொடுக்கு திருப்பினால் கால் கலை, அதாவது 7 மில்லிமீட்டர். கடக், கடக் என்று மேலே எட்டுச் சொடுக்கு, இடப்பக்கம் ஐந்து. மறுபடி மூன்று தோட்டா. இந்த முறை கொத்து நடுப்புள்ளியைச் சுற்றி உட்கார்ந்தது. பழைய மாதிரி முள் வைத்த துப்பாக்கியில் இது தலைகீழ். வலப்பக்கம் பட்டால் முனையிலுள்ள முள்ளையும் வலப்பக்கமே தள்ள வேண்டும். முள் வலப்புறம் போனால் அதை மறுபடி குறியோடு ஒட்டவைக்க நாம் குழலை இடப்புறம் திருப்புவோம், அவ்வளவுதான். ஆனாலும் முதல்முறை செய்பவர்கள் எதிர்ப்பக்கம் தள்ளிவிட்டுத் தலையைச் சொறிவார்கள்.

ஏன் ஒன்று போதாது, மூன்று? ஒற்றைத் துளை எதையும் சொல்லாது. அது கை நடுங்கியதாலா, தோட்டாவில் மருந்து கூடியதாலா, துப்பாக்கியின் கோணலாலா என்று பிரிக்க முடியாது. ஒரு துளையைப் பார்த்துத் திருகைத் திருப்புகிறவன் தன் நடுக்கத்தையே துரத்திக்கொண்டிருப்பான். மூன்று துளை சேர்ந்து விழுந்தால் அவற்றின் நடுவிடம் துப்பாக்கியின் கோணலைக் காட்டும், அவற்றின் சிதறல் நடுக்கத்தைக் காட்டும். முதலாவது ஒரே பக்கம் சாயும் பிழை, அதைத் திருகால் தீர்க்கலாம். இரண்டாவது கண்டபடி விழும் பிழை, அதைத் தீர்க்கத் திருகு கிடையாது.

பெரியப்பாவின் துப்பாக்கிக்கு இந்த இரண்டிலும் சேராத ஒரு நோய் இருந்தது. லீ என்ஃபீல்டு ஐந்தாம் எண் ரைபிள் அது. 'ஜங்கிள் கார்பைன்' என்ற பெயரில்தான் இன்று பலருக்கும் தெரியும், ராணுவத்தின் அதிகாரப்பூர்வப் பெயர் அது இல்லை. 1944 முதல் 1947 வரை செய்தார்கள். காட்டில் தூக்கித் திரிய வசதியாகக் குழலைக் குறைத்து, உடலின் இரும்பை அங்கங்கே சீவி, ஏறக்குறைய 900 கிராம் எடையை இறக்கினார்கள். இலேசான துப்பாக்கி தோளைக் கடுமையாக உதைக்கும் என்று பின்கட்டையில் ரப்பர்த் திண்டும் வைத்தார்கள். எங்கள் தோட்டத்துப் பாலோ என்னவோ, நாளானால் அந்த ரப்பர் கட்டையாக இறுகி உதையை இன்னும் கூட்டியது என்பார்கள். பெரியப்பா வலது தோளைத் தடவிக்கொண்டே பேசுவது அதனால்தான்.

நோய் என்னவென்றால், இன்று சுழி வைத்தால் இன்று கொத்து ஒழுங்காக நடுவில் விழும். சில நாள் கழித்து அதே ஆள், அதே தோட்டா, கொத்து நெருக்கமாகவே இருக்கும், ஆனால் வேறோர் இடத்தில். 'அலையும் சுழி' என்ற பொருளில் ஆங்கிலத்தில் இதற்குப் பெயரே வைத்தார்கள். உற்பத்தியை நிறுத்தியதற்கு இதுவே காரணமாகச் சொல்லப்பட்டது. இரும்பைச் சீவியதால் சுடும்போது உடல் வளைந்து கொடுக்கிறது என்பது ஒரு விளக்கம். அந்தக் காலத்து எந்த ரைபிளுக்கும் பொருந்தும் இன்னொன்று மரம். மழை மாதத்தில் லயத்துக் கதவு ஊறி நிலையில் இறுகிக்கொள்ளுமே, அதுபோலக் குழலைத் தழுவியிருக்கும் கட்டை ஊறினால் குழலை ஒரு பக்கம் நெருக்கும். ஒரு பாகையில் எட்டில் ஒரு பங்குதான் மொத்தத் தூக்கலே என்னும்போது மரம் ஒரு மயிரிழை நெருக்கினாலும் போதும். இந்தக் குறையைப் பெரிதுபடுத்திவிட்டார்கள், புதுவகைத் தானியங்கித் துப்பாக்கிக்கு மாற ஒரு சாக்கு வேண்டியிருந்தது என்று வாதாடுகிறவர்களும் உண்டு. பெரியப்பாவிடம் அந்த வாதம் எடுபட்டிருக்காது.

அவர் அந்தத் துப்பாக்கியிடம் கற்றதை ஒருமுறை வேறிடத்தில் காட்டினார். அப்போது அவசரகாலம் முடிந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, அவர் பால்வெட்டுக்குத் திரும்பியிருந்தார். பால் கொட்டகைத் தராசில் எடை குறைகிறது என்று லயம் முழுக்கப் பேச்சு. ஒருத்தர் கால் கிலோ என்றார், ஒருத்தர் முக்கால் என்றார், தோட்டத்துக் கணக்கரான கிராணி, எல்லாரும் சொல்வது பொய் என்றார். பெரியப்பா ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போய்த் தராசில் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். மூன்று தடவை. பக்கத்தில் நின்ற எனக்கு முள் நின்ற இடம் இன்னும் கண்ணில் இருக்கிறது, மூன்று தடவையும் அதே கோடு. மறுநாள் காலையிலும் அதே வாளி, அதே அளவுத் தண்ணீர், அதே கோடு. சீனன் மளிகைக் கடைத் தராசில் அந்த வாளி 400 கிராம் கூட நின்றது.

"இது என் துப்பாக்கி மாதிரி இல்லைங்க கிராணி" என்றார் பெரியப்பா, மிகப் பணிவாக. "ஒரே எடத்துலதான் நிக்குது. ஒரு திருகு திருகுனா சரியாப் போயிரும்."

திருக எட்டு மாதம் ஆனது.